ஊர்ப் பொறுப்பு ஒருவரைத் தலைவராக வளர்க்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பி.காம் படித்துவிட்டுத் திருமணமாகி ஒரு கிராமத்துக்கு வந்திருக்கிறீர்கள். அங்கே பல வருடமாக நடக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, "நீ படிச்ச பொண்ணு, கணக்கு எழுதுவ" என்று உங்களைக் குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநராகப் போடப் பார்க்கிறார்கள். "ஊர் வேலை பார்த்து உருப்பட்டவர் யார்?" என்கிறார் உங்கள் அண்ணன். சமூகத்துக்கு உழைத்தால் தலைமைப் பண்பு தானாக வளரும் என்று கல்லூரியில் ஒருவர் பேசியது உங்கள் மனதில் இருக்கிறது. பொறுப்பை ஏற்கலாமா என்று கேட்டிருந்தாலும், அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட பொறுப்பு ஒரு மனுஷியை உண்மையிலேயே மாற்றுகிறதா, அல்லது ஏற்கெனவே தைரியமாக இருப்பவர்கள்தான் அங்கே போகிறார்களா? நல்ல கேள்வி. பயிற்சி கொடுக்கிற நாங்களே இதை அடிக்கடி கேட்டுக்கொள்வதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊக்குநர்களுக்கும், பிறகு ஊராட்சிப் பெண் பிரதிநிதிகளுக்கும் பயிற்சி கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. அதனால் நான் சொல்வதெல்லாம் இந்த வட்டாரத்துப் பெண்களைப் பார்த்துச் சொல்வது. நகரத்து இளைஞர் மன்றத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இங்கே மகளிர் குழுக்களின் கதை 1989-ல் ஆரம்பிக்கிறது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதல் குழுக்களை இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. அடுத்து சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவி, 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை ஆரம்பித்தது. அதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். ஒரு தலைமுறைப் பெண்கள் முதல்முறையாக ஊர்ப் பொறுப்பு என்ற ஒன்றைத் தொட்டது அந்தச் சில வருடங்களில்தான். அதில் என்ன நடந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். பொறுப்பு ஒருவரை வளர்க்கிறது என்றால், அதில் பெரும் பங்கு பணக் கணக்கைப் பலர் முன்னால் வைப்பதில் நடக்கிறது. மேடைப் பேச்சு, தன்னம்பிக்கை வகுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வாரமோ மாதமோ கூடுகிறார்கள், சேமிப்பைக் கட்டுகிறார்கள், அந்தப் பணத்தையே உள்கடனாகக் கொடுக்கிறார்கள். வெளியே நூற்றுக்கு ஐந்து, பத்து என்று வட்டி ஓடுகிற ஊரில், குழுவுக்குள் நூற்றுக்கு இரண்டோ ஒன்றோ. அந்தக் காலத்தில் பல குழுக்களில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவரிடம். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டிய நிலையே வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எந்த ஊரில் யாருக்கு முதலில் தோன்றியதோ, அவருக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கையிருப்பு ஒருவருக்குக் கடன் கொடுக்கத்தான் போதும். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் மகனின் பாலிடெக்னிக் ஃபீஸுக்குக் கேட்டார். இன்னொருவர் ஊக்குநரின் ஓரகத்தி, மகளின் மஞ்சள் நீராட்டுச் செலவுக்குக் கேட்டார். ஓரகத்திக்கு ஏற்கெனவே இரண்டு தவணை பாக்கி. எல்லோரும் ஊக்குநர் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஒன்றும் விளக்கவில்லை. தீர்மான நோட்டை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டி, 'தவணை பாக்கி உள்ளவருக்குப் புதுக் கடன் இல்லை' என்று முந்தின வருடம் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். அப்புறம் கீழே இருந்த கையெழுத்துகளையும் ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஓரகத்தியின் பெயர் ஐந்தாவதோ ஆறாவதோ வந்தது. "சரி, அடுத்தது யாரு சந்தா கட்டணும்?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய். ஓரகத்தி பாக்கியைக் கட்டி முடிக்கும் வரை அவரோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். குழு ஆரம்பித்த புதிதில் கடன் கேட்டவர்கள் எல்லோருக்கும் தலையாட்டியவர். வேண்டியவரிடம் "முடியாது" என்று சொல்வது, அதை அவர் மனம் நோகப் பேசாமல் ஒரு விதியைக் காட்டிச் சொல்வது, அதன் பிறகும் அவரோடு ஒரே வாசலில் இருப்பது, இந்த மூன்றையும் எந்த வகுப்பறையிலும் என்னால் கற்றுக்கொடுக்க முடியாது. முயன்றிருக்கிறோம். நடித்துக் காட்டச் சொல்வோம், எல்லோரும் சிரித்துக்கொண்டே நன்றாக நடிப்பார்கள், ஊருக்குப் போனதும் சொந்தக்காரருக்குக் கடன் கொடுத்துவிடுவார்கள். ஏனென்றால் நடிப்பில் நாளைக் காலை குழாயடி இல்லை. நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்களுக்கு இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்தான் ஊர்ப் பொறுப்பில் ஆளை வளர்க்கிற பகுதி என்பது என் முடிவு. சேவை என்ற சொல்லில் அந்தக் கட்டாயம் தெரிவதில்லை. கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுப்பதும் சேவைதான், அன்னதானம் போடுவதும் சேவைதான். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை இல்லாத சேவையால் கொடுப்பவரின் மதிப்பு கூடும். தலைமை கூடுவதை நான் பார்த்ததில்லை.

இதை நான் இத்தனை உறுதியாகச் சொல்லக் காரணம், எதிர்ப்பக்க உதாரணமும் நம் ஊர்களிலேயே இருப்பது. இன்று பெரும்பாலான கிராமங்களில் சுய உதவிக் குழுவோடு தனியார் நுண்கடன் நிறுவனங்களின் குழுக்களும் நடக்கின்றன. பார்க்க ஒன்று போலவே இருக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒரு 'சென்டர் லீடர்', கூட்டம், நோட்டு. ஆனால் பணம் அவர்களுடையது அல்ல, விதி அவர்கள் எழுதியது அல்ல, வட்டி அவர்கள் வைத்தது அல்ல. அந்த லீடரின் வேலை வசூலுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். அப்படி நான்கைந்து வருடம் இருந்த பெண்களையும் பயிற்சிகளில் பார்க்கிறேன். பேச்சு சரளமாக இருக்கும், ஆபீஸில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஆனால் "உங்கள் குழுவில் யாருக்கு இப்போது கஷ்டம்?" என்று கேட்டால், "யாரு கட்டலையோ அவங்க பேரு சொல்லட்டுமா?" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேலே இருப்பவருக்கு மட்டுமே பதில் சொல்லிப் பழகிய ஒருவர் கீழே இருப்பவரை அப்படித்தான் பார்க்கப் பழகுவார். ஆகவே 'குழுவுக்கு உழைத்தால் வளர்வோம்' என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. யாருக்குப் பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாவதாக, அதிகாரத்தோடு பேசுகிற பழக்கம். இதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் வருடம் வங்கிக்குப் போகும் ஊக்குநர் வாசலிலேயே நிற்பார். மேனேஜர் கேபினுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவார். தனக்காகக் கேட்கும்போது வாய் வராது. பின்னால் பதினைந்து பேரின் பாஸ்புக் இருக்கும்போது எப்படியோ வந்துவிடும். ஒரு வங்கிக் கிளையில் குழுக் கடனிலிருந்து யாரையும் கேட்காமல் இன்சூரன்ஸுக்குப் பணம் பிடித்திருந்தார்கள். ஒரு ஊக்குநர் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்து, "சார், இந்தத் தொகை எதுக்குன்னு எழுதிக் குடுங்க, நான் கூட்டத்துல படிச்சுக் காட்டணும்" என்று மட்டும் சொன்னார். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. திரும்பிப் போய்க் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் கையிலிருந்த பலம். அன்றைக்கே பணம் திரும்பி வந்ததா என்றால், இல்லை. நாலைந்து முறை அலைந்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கிளையில் அவரை யாரும் நிற்க வைத்துப் பேசவில்லை.

இனி சந்தேகத்துக்கு உரிய பகுதி. உங்கள் கேள்வியின் கூர்மையே இங்கேதான். நான் சொன்ன பெண்கள் எல்லோரும் முன்பே அப்படிப்பட்டவர்களாக இருந்திருக்கலாமே? உண்மைதான், இருந்திருக்கலாம். குழு ஆரம்பிக்கும்போது ஊக்குநராக யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? கொஞ்சம் படித்தவர், வீட்டில் தடை இல்லாதவர், பேசத் தெரிந்தவர். பிறகு அவர் நன்றாகப் பேசுவதைப் பார்த்து 'குழுவால் வளர்ந்தார்' என்று எழுதிவிடுகிறோம். பாதியில் விட்டுப்போனவர்கள் எங்கள் ஆண்டறிக்கைகளில் வருவதே இல்லை. வெற்றிக் கதைகளை மட்டும் படித்து இந்த முடிவுக்கு வராதீர்கள்.

இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தாண்டிப் பார்க்க உதவும் ஆய்வு ஒன்று உண்டு. மேற்கு வங்கத்தில் 1998 முதல் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊராட்சிக்கு ஒதுக்கீடு என்பதை அந்த ஊரின் குணம் பார்த்து முடிவு செய்யவில்லை. கிட்டத்தட்டக் குலுக்கல் போல நடந்தது. அதனால் ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பெண் தலைவர் இருந்த ஊர்களில் குடிநீர் போன்ற பெண்கள் கேட்ட வேலைகளுக்கு அதிகம் செலவானது தெரிந்தது. 2009-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் முக்கியமானது. முதல்முறை பெண் தலைவர் வந்தபோது ஆண்கள் அவர் வேலையைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தொடர்ந்து இரண்டு முறை பெண்கள் இருந்த ஊர்களில் அந்த மனத்தடை குறைந்தது, ஒதுக்கீடு இல்லாத பொதுத் தொகுதிகளில் பெண்கள் நின்று ஜெயிப்பதும் கூடியது. 2012-ல் வந்ததில், அப்படிப்பட்ட ஊர்களில் பெண் குழந்தைகளைப் பற்றிய பெற்றோரின் கனவும், அந்தப் பிள்ளைகளின் கனவும் உயர்ந்திருந்தது தெரிந்தது. ஆனால் கவனியுங்கள், இவை ஊர் மாறியதைக் காட்டுகின்றன. பதவியில் இருந்த அந்தப் பெண்ணுக்குள் என்ன வளர்ந்தது என்பதை இவை நேராக அளக்கவில்லை. என் அனுபவத்தையும் இந்த ஆய்வுகளையும் சேர்த்து வைத்து நான் எடுக்கும் முடிவு இது: தைரியம் கொஞ்சம் முன்பே இருந்திருக்கலாம், நியாயமாக நடக்கிற பழக்கம் பொறுப்பில்தான் வருகிறது. இது என் கணிப்புதான், நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழுவில் வளர்ந்தவர் ஊராட்சியிலும் நல்ல தலைவர் ஆவாரா என்பது இன்னொரு சந்தேகம். சிலர் ஆகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1994-ல் ஊராட்சிச் சட்டம் வந்து, 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்குக் கிடைத்தன. 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். ஆனால் தேர்தலே நடக்காமல் மூன்று வருடம் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. அப்போது ஜெயித்து வந்த பெண் தலைவர்களில் குழுப் பின்னணி உள்ளவர்களை முதல் பயிற்சியிலேயே அடையாளம் காண முடிந்தது. வரவு செலவு என்றதும் நோட்டை எடுப்பவர்கள் அவர்கள்தான். பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை, கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. கிருமிநாசினி தெளிப்பதில் இருந்து வெளியூரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சாப்பாடு வரை அவர்கள் தலையில் விழுந்தது. அந்த நேரத்தில் தெருத் தெருவாக யார் வீட்டில் என்ன நிலைமை என்று குழுப் பெண்கள் மூலம் தகவல் வாங்க முடிந்தவர்கள் நன்றாகச் சமாளித்தார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பைப்லைனின் கடைசியில் இருப்பது காலனி. தொட்டியைத் திறந்தால் மேலத் தெருவில் குடம் குடமாகக் கொட்டும், காலனிக்குப் போகும்போது சொட்டுச் சொட்டாக வரும். எத்தனையோ வருடமாக அப்படித்தான். புதுத் தொட்டிக்கு மனு கொடுத்துப் பிடிஓ ஆபீஸுக்கு அலைந்துகொண்டே, அவர் ஒரு சின்ன வேலை செய்தார். தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் சொல்லி, மேலத் தெரு வால்வை மூடிவிட்டு முதல் ஒரு மணி நேரம் காலனிக்கு மட்டும் விட வைத்தார். இரண்டாம் நாளே வால்வை யாரோ திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை அவரே போய் வால்வு குழிக்குப் பக்கத்தில் நின்றார். மேலத் தெருக்காரர்கள், அவருடைய சொந்தச் சாதிக்காரர்கள், "உனக்கு ஓட்டுப் போட்டது நாங்க" என்றார்கள். "போட்டீங்க, அதான் உங்க தெருவுக்கு ஏழு மணிக்கு வருது, ஒரு நாளாவது வராம இருந்துச்சா?" என்று கேட்டார். அவர் முன்பு ஊக்குநராக இருந்தவர். கடன் வரிசையில் யாருக்கு முதலில் என்று முடிவெடுத்துப் பழகியவர். வால்வும் அவருக்கு அதே கேள்விதான்.

ஆனால் இதே அளவுக்கு எதிர்க்கதைகளும் உண்டு. கணவர்தான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இவர் கையெழுத்துக்கு மட்டும் வருவார். நல்ல ஊக்குநராக இருந்த பெண்கள்கூட ஊராட்சிக்குப் போனதும் அப்படிச் சுருங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். குழுவில் பதினைந்து பேர், எல்லோரும் பெண்கள், எல்லோர் பணமும் சமம். ஊராட்சியில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார், கட்சி இருக்கிறது, பணம் கொடுக்கத் துணைத்தலைவரின் ஒப்புதலும் வேண்டும். குழுவில் கற்றது அங்கே போதுமா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. எதை வைத்து மாறுகிறது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அதோடு, வளர்ச்சி என்பது தனி ஆள் விஷயம் என்றே பேசிக்கொண்டிருந்தால் பெரிய உண்மை ஒன்று விடுபட்டுப் போகும். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் மேலவளவு ஊராட்சி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐந்து பேரோடு வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் அப்படியே ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்து வருடம் தலைவரை உட்காரவே விடவில்லை. 2006-ல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்த ஊர்களில் தலைமைக்குத் தகுதியானவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஊர் இடம் கொடுத்தால்தான் ஊர்ப் பொறுப்பு ஒருவரை வளர்க்கும். இடம் கொடுக்காத இடத்தில் 'உழைத்தால் உயரலாம்' என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் குழுவிலும் பாருங்கள். காலனிப் பெண்கள் இருக்கிறார்களா, தனிக் குழுவாக ஒதுக்கப்பட்டிருக்கிறார்களா? கூட்டம் யார் வாசலில் நடக்கிறது? எல்லோரும் அங்கே உள்ளே வந்து உட்கார முடிகிறதா?

இழப்புகளையும் சொல்லிவிட வேண்டும், உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊக்குநர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. வங்கிக்குப் போகிற நாள் கூலி போகும். பஸ் காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்றே பலருக்குச் சங்கடம். "பொம்பளைக்கு ஆபீஸ்ல என்ன வேலை?" என்ற பேச்சு வரும், அது முதலில் வெளியே இருந்து வராது, வீட்டுக்குள் இருந்துதான் வரும். இன்னொன்று, இதே பொறுப்பு ஆளைக் கெடுக்கவும் செய்யும். பத்துப் பதினைந்து வருடம் ஒரே ஊக்குநர் இருக்கும் குழுக்கள் எத்தனையோ. நோட்டு அவர் வீட்டில், முத்திரை அவர் பையில், வங்கியில் அவர் முகம்தான் தெரியும். "நான் இல்லன்னா குழு உடைஞ்சிடும்" என்பார். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும், ஏனென்றால் வேறு யாரையும் அவர் கற்றுக்கொள்ள விட்டிருக்க மாட்டார். ஆரம்பத்தில் அவரும் நான் மேலே சொன்ன பெண்ணைப் போலத்தான் இருந்திருப்பார். ஊக்குநர், பிரதிநிதிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விதி வைத்தது இதற்காகத்தான். அதைப் பின்பற்றாத குழுக்களே அதிகம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், சில ஏற்பாடுகளோடு. அவர்கள் உங்களைக் கேட்கும் காரணம் நீங்கள் கணக்கு எழுதுவீர்கள் என்பது. அங்கேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. படித்த மருமகள் எல்லா நோட்டையும் தானே எழுதிவிடுவாள், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். அப்படி நடந்தால் நீங்கள் சம்பளம் இல்லாத கிளார்க் ஆவீர்கள், வேறு எதுவும் ஆக மாட்டீர்கள். ஏற்கும் நாளிலேயே, இரண்டு வருடம்தான் இருப்பேன், அதற்குள் இன்னும் இரண்டு பேர் ரொக்கப் புத்தகம் எழுதப் பழக வேண்டும் என்று தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அன்றைய வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி வாயால் சொல்லுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் யாராவது, "போன தடவை அறுநூறு சொன்ன, இப்ப ஐநூறு சொல்ற?" என்று கேட்பார். முகம் சுண்டிவிடும். அந்தக் கேள்விக்கு நோட்டைத் திருப்பிக் காட்டிப் பதில் சொல்லும் அன்றைக்குத்தான் நீங்கள் கேட்ட வளர்ச்சி உங்களுக்கு ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

கிராம சபைக்கும் போய்ப் பழகுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வழக்கமாக நடக்கிறது. சமீப வருடங்களில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்திருக்கின்றன. முதல்முறை பேச வேண்டாம். ஊராட்சியின் வரவு செலவை எப்படிப் படிக்கிறார்கள், யார் கேள்வி கேட்கிறார்கள், கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் வந்தார்களா என்று பாருங்கள். மக்கள்தொகை 500 பேருக்குள் உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது விதி. உங்கள் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து போய் உட்கார்ந்தாலே அந்தக் கூட்டத்தின் போக்கு மாறுவதைப் பார்ப்பீர்கள்.

குழந்தைக்கு ஒன்றரை வயது என்று எழுதியிருந்தீர்கள். கூட்ட நேரத்தை உங்களுக்குத் தோதாக வைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாமியாரும் அதே குழுவில் இருக்கிறார் என்றால் கடன் விஷயத்தில் அவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு ஒரு விதி என்று ஆகிவிடாதபடி, கடன் வரிசையை முடிவு செய்யும் வேலையைப் பிரதிநிதிகள் இருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

பொறுப்பு மாறும் அன்று ஒரு வேலையை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் அன்றைய தேதி வரை பதிவு போட்டு வாங்கிவந்து, பொதுப் பேரேட்டோடு பக்கத்தில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் ஒத்துப்பாருங்கள். கடன் நிலுவையை ஒவ்வொருவர் பெயராகப் படித்து, அவரவர் ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த பெயருக்குப் போங்கள். எங்காவது இடித்தால் யார் மீதும் பழி சொல்லாமல், எவ்வளவு இடிக்கிறது என்பதை மட்டும் தீர்மான நோட்டில் எழுதி, பழைய ஊக்குநரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு அப்புறம் வங்கியில் கையெழுத்து மாற்றும் படிவத்தைக் கொடுத்தால் போதும்.